ஆத்துமுனை வெளக்குக்குக் காவல்

அந்தச் சாக்குல கால் படாம உக்காருங்க தம்பி. இல்ல, நீங்க தூக்க வேண்டாம். கையை எடுங்க, நானே நகத்திக்கிடுதேன். தேங்காதான். டவுன்ல சொந்தக்காரங்க வீட்டுக்குக் கொண்டு போறேன். வேற ஒண்ணுமில்ல.

நீங்க எது வரைக்கும்? பழையகாயலா. நல்லது. கண்டக்டர்ட்ட நீங்க டிக்கெட் கேட்டது எங்காதுல விழத்தான் செஞ்சுச்சு. இருந்தாலும் உங்க வாயால ஒருக்கா கேட்டுக்கிடலாம்னு கேட்டேன். ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும்லா. தப்பா நெனைக்காதிய, காலம் அப்பிடி. பழையகாயல்ல யாரு இருக்கா? கொழுந்தியா வீடா. காதுகுத்தா. அதான் கையில பூவும் பழமுமா. சரி சரி.

பின்னால ஒரு கண்ணாடிக்காரன் உக்காந்திருக்கான். திரும்பாதிய, மெல்லப் பாருங்க. நான் ஏறுனதுல இருந்து செல்லும் கையுமா வாரான். செல்லைப் பாக்கானா, என்னையப் படம் பிடிக்கானா? பாத்துக்கிட்டே இருக்கேன். அவன் எங்க எறங்குதான்னு பாக்கணும்.

எம்பேரு இன்னாசி. ஊரு ஆத்துமுனை. கேள்விப்பட்டிருக்க மாட்டிய. ஆறு கடல்ல சேருத எடம், அவ்வளவுதான் ஊரு. கொஞ்சம் வீடு, மாதா கோயிலு, வள்ளங்க, அப்பறம் ஒரு லைட்டவுஸ். லைட்டவுஸ்னதும் பெருசா நெனைச்சுராதிய. ஒரு தென்னை உசரம் இருக்கும். கடல்ல போற கப்பலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆத்துக்குள்ள வாற தோணிக்கும் வள்ளத்துக்கும் வழி காட்டக் கட்டுனது. நாங்க வெளக்குன்னுதான் சொல்லுவோம்.

வெள்ளக்காரன் காலத்துல எங்க ஆத்தங்கரையில உப்புப் பண்டகசாலை இருந்துச்சாம். உப்பு ஏத்தத் தோணி வரும். ஆத்துவாயில மணல் திட்டு இருக்கு பாத்துக்கிடுங்க, அது ஆளைச் சாப்பிடும். அடுத்தடுத்து ரெண்டு தோணி தட்டி, ஏத்துன உப்பெல்லாம் வந்த எடத்துக்கே கரைஞ்சு போயிட்டுது. அதுக்கப்பறம்தான் உப்பு மொதலாளி ஒருத்தர் அந்த வெளக்கைக் கட்டுனாராம். செங்கலு, சுண்ணாம்பு. முட்டை வெள்ளக்கரு ஊத்திக் குழைச்சதுன்னு சொல்லுவாவ. நான் நம்பல. அவ்வளவு கோழி எங்க ஊர்ல எங்கன இருந்துச்சு?

அது வழி காட்டுத வெதம் இருக்கே, அது எங்க ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். கடல்ல இருந்து பாத்தா முன்னால வெளக்கு, பின்னால கோயில் உச்சியில சிலுவை, அதுல ஒரு சின்ன லாந்தர். ரெண்டு வெளிச்சமும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா நேரா நின்னுட்டா, நீங்க பேசாம உள்ள வந்துரலாம். கொஞ்சம் வெலகித் தெரிஞ்சா மணல்ல ஏறிருவிய. அதனால எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. உள்ள வாற ஒவ்வொரு வள்ளமும் வெளக்கடியில ஒரு மீனை வச்சிட்டுத்தான் போகணும். வெளக்கு மீனுன்னு பேரு. வெளக்குப் பாக்குதவருக்கு. நல்ல மீனா வைக்கணும். நண்டு கடிச்சதை வச்சா ஊரே காறித் துப்பும்.

என்னைக் கேட்டா, நான் இன்னைக்கு உசிரோட இருக்கதே அந்த வெளக்காலதான். எளவட்டத்துல ஒருக்கா, பொழுது மசங்குத நேரம், வாடைக் காத்து திடீர்னு வந்து அடிச்சுட்டுது. பாய் கிழிஞ்சு போச்சு. எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் கடல், ஒண்ணும் தெரியல. எங்கண்ணன் வள்ளத்துல முட்டி போட்டு செபம் சொல்ல ஆரம்பிச்சுட்டான். அப்பதான் அந்த வெளிச்சத்தைப் பாத்தேன். அதுக்கு மேல சிலுவை வெளிச்சம். ரெண்டும் ஒண்ணா. நான் சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன் தம்பி. அன்னைக்கு அது எரியலன்னா இந்த சீட்டு இப்ப காலியாத்தான் கெடக்கும். அதனால அந்த வெளக்கு மேல எனக்கு எவ்வளவு பிரியம்னு நான் உங்களுக்குச் சொல்லி முடியாது.

பெறவு கடலுக்குள்ள தூண்டில் வளைவு கட்டுனானுவ. கல்லைக் கொட்டி நீட்டா. அது நுனியில ஒரு சோலார் லைட்டு, மினுக் மினுக்குன்னு. எங்க வெளக்கை அணைச்சுட்டானுவ. வெளக்குப் பாத்தவரு மக வீட்டோட போய்ச் சேந்துட்டாரு. போறப்ப சாவியை என் கையில தந்து, இன்னாசி பாத்துக்கடான்னாரு. பாத்துக்கடான்னா என்ன அர்த்தம்? பத்திரமா வச்சுக்கடான்னு அர்த்தம். அன்னையில இருந்து காவல் நான்தான். ஊர்ல யாரும் வெளக்கு மீன் வைக்கதில்ல, அது வேற வெசயம். எரியாத வெளக்குக்கு எதுக்கு மீனுன்னு கேக்கான் எம்மச்சினன் அமலதாஸ். எம்பொண்டாட்டி பிலோமியோட அண்ணன். மீனவர் சங்கத் தலைவரு. அவனைப் பத்தி வாரேன்.

மொதல்ல போனது மணி. வெளக்கு மாடத்துல ஒரு வெண்கல மணி இருந்துச்சு. பனி மூடுனா அடிக்கது. அணைச்ச வருசமே ஒரு ஆபீசர் வந்தாரு. எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன், நமக்கு வம்பு. பேண்ட் சட்டை, பவுடர் வாசம். மணியைத் தட்டிப் பாத்தாரு, ஆகா ஆகான்னாரு. பச்சைக் களிம்பு ஏறிப் போச்சே பெரியவரே, கொண்டு போய்ப் பாலிஷ் போட்டுத் தாரேன்னாரு. நான்தான் தம்பி கழட்டிக் குடுத்தேன். ஜீப்புல நானே ஏத்தி விட்டேன். போன மணி போனதுதான். அந்த ஆபீஸ்ல போய்க் கேட்டா, அப்பிடி ஒரு ஆபீசரே இல்லங்கான். எந்த வீட்டு வாசல்ல தொங்குதோ, எவன் காலிங் பெல்லுன்னு அடிக்கானோ. அன்னைக்கு என் நெஞ்சுல விழுந்த கல்லு இன்னும் எறங்கல.

அதுக்கப்பறம் ஒவ்வொண்ணாக் களவு போக ஆரம்பிச்சுது. மொதல்ல வெளக்கோட கண்ணு. கண்ணுன்னா அந்தக் கனத்த கண்ணாடி, வளையம் வளையமா வெட்டுனது, திரியைச் சுத்தி நிக்கும். சின்னத் திரி வெளிச்சத்தைக் கடலுக்கு எறியுதது அதுதான். பெறவு பித்தளை வெளக்கு. பெறவு வாசலுக்கு மேல பதிச்சிருந்த கல்லு, கட்டுன வருசம் எழுதுன கல்லு. பெறவு இரும்பு ஏணியில கீழ்ப்படி எல்லாம். ஊரே கொதிச்சுப் போச்சு. வெளக்குத் திருடன், வெளக்குத் திருடன்னு ஒரே பேச்சு. காவலுக்கு ஆள் போட்டாவ. அதுக்குத் தலைவரு யாருன்னு நெனைக்கிய? நான்தான்.

என்ன சிரிக்கிய? சிரிக்கலியா. சரி. ஆத்துப் பாலத்துல வண்டி நின்னுட்டுது பாருங்க, லாரி எதுவும் குறுக்க கெடக்கு போல. கொஞ்சம் இங்கன குனிங்க.

தேங்கான்னு சொன்னேன்லா. தேங்கா இல்ல. அந்தக் கண்ணுதான் இது.

ஏன் அப்பிடிப் பாக்கிய? நான் திருடல. எடுத்து வச்சேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. நாளைக்கு இன்னொரு பவுடர் வாசம் வந்து பாலிஷ் போடுதேன்னு சொல்லும், அதுக்கு முன்னால நாமளே எடுத்துப் பத்திரமா வச்சுருவோம்னுதான் எடுத்தேன். பழைய வலையில சுத்தி, ஐஸ் பொட்டிக்குள்ள வச்சு, கட்டிலடியில தள்ளிட்டேன். பித்தளை வெளக்கு பரண் மேல. வருசம் எழுதுன கல்லு எங்க வீட்டுப் பின்பக்கம் இருக்கு. எழுத்து அடியில, நான் கவுத்துப் போட்டுட்டேன். பிலோமி அதுலதான் துணி துவைக்கா. ஏணிப்படியை அறுத்தது, எவனும் மேல ஏறி வேவு பாக்கக் கூடாதுன்னு. கடைசியா வாசலையும் செங்கல் வச்சு அடைச்சுட்டேன். காத்து கூட உள்ள போகாது. இந்த லோகத்துல எந்த லைட்டவுஸையாவது இவ்வளவு பத்திரமா எவனாவது வச்சிருக்கானா சொல்லுங்க?

அப்ப திருடன் யாருன்னு ஊருக்கு ஒரு கேள்வி வருமில்லா. கோயில் முத்தத்துல கூட்டம் போட்டாவ. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். இரும்பை இவ்வளவு சுத்தமா அறுக்கணும்னா பட்டறை வச்சிருக்கவனாலதான முடியும்னு கேட்டேன். யாரு பேரையும் சொல்லல, மாதா அறிய. ஊர்ல பட்டறை வச்சிருக்கது அமலதாஸ் ஒருத்தன்தான், அதுக்கு நான் என்ன செய்ய? எல்லாரும் அவனைத் திரும்பிப் பாத்தாவ. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். ஏன் குனியணும்? மடியில கனம் இல்லாதவன் எதுக்குக் குனியணும்? அதுல எனக்கு அவன் மேல உள்ளபடிக்கே ஒரு சந்தேகம் விழுந்துட்டுது. நான் எடுக்கலன்னா அவன்தான் எடுத்திருப்பான்.

அதுக்கப்பறம் அவன் எங்க வீட்டுப் படி ஏறல. கிறிஸ்மஸுக்கும் வரல. பிலோமி அண்ணே அண்ணேன்னு மூக்கைச் சிந்திக்கிட்டே கெடந்தா. அவளுக்கு எல்லாம் தெரியும். வெளிய சொல்லக் கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கியிருந்தேன். சத்தியம் வாங்குனாலும் பொம்பளையை முழுசா நம்ப முடியுமா? அவ சந்தைக்குப் போனா நானும் பின்னாலயே போவேன்.

போன வருசம்தான் அந்த ஈரோட்டுக்காரி வந்தா. தமயந்தின்னு பேரு. இன்சினியராம். பழைய கட்டடத்தையெல்லாம் இடிய விடாமப் பாதுகாக்குத வேலையாம். எனக்கு அங்கேயே இடிச்சுது. ஈரோட்டுல கடல் உண்டா தம்பி? மஞ்சள் உண்டு, போர்வை உண்டு. கடலைக் கண்ணால பாக்காத ஊர்க்காரிக்கு எங்க லைட்டவுஸ் மேல என்ன அக்கறை?

வந்த மொத நாளு லைட்டவுஸை அண்ணாந்து பாக்கணுமா இல்லியா? அவ பாக்கல. அடியில தரையைத்தான் பாத்தா. குனிஞ்சு மண்ணை அள்ளிப் பாக்கா. சின்னச் சுத்தியலை வச்சு செவத்தைத் தட்டுதா, காதை வச்சுக் கேக்கா. புதையல் தேடுதவதான் அப்பிடிச் செய்வா. நான் அடைச்ச வாசலை ஆள் வச்சு ஒடைச்சா. உள்ள ஒரே ஈரம், வவ்வாலு. பூராவும் பூஞ்சை புடிச்சுப் போச்சே, காத்து இல்லாம இப்பிடி ஆக்கிட்டாங்களேன்னு சொல்லி நெத்தியில அடிச்சுக்கிட்டா. பெறவு கல்லு இருந்த எடத்துல ஓட்டையைப் பாத்தா. அங்க இருந்து மேல வரைக்கும் செவரு வெடிச்சிருந்துச்சு. இந்தக் கல்லைப் புடுங்குனவன் கை நல்லாருக்குமான்னு கேட்டா. என்னையப் பாத்துக் கேட்டா தம்பி. நல்லாருக்காதும்மான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

அந்த வெடிப்புக்குக் குறுக்க கண்ணாடிச் சில்லுகளை ஒட்டி வச்சா. எதுக்கும்மான்னு கேட்டேன். செவரு நகந்தா சில்லு ஒடையும் தாத்தா, ஒடைஞ்சா ஆத்துத் தண்ணி வெளக்கோட அடியைத் தின்னுதுன்னு எல்லாருக்கும் காட்டி, கரைக்குக் கல்லு போட வைக்கலாம்னா. அப்பிடியாம்! எங்காதுல பூ சுத்துதா. எதுக்கோ அடையாளம் வைக்கான்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கே எல்லாத்தையும் பேத்து ஆத்துல எறிஞ்சுட்டேன். அடுத்த தடவ வந்து பாத்துட்டு, என்ன இதுன்னு முழிச்சா. மறுபடியும் ஒட்டுனா. மறுபடியும் எறிஞ்சேன். அடி நகருததுக்கு எங்கிட்ட ஒரு ஆதாரமும் இல்லியேன்னு பிலோமிட்ட சொல்லி ரொம்ப வருத்தப்பட்டாளாம். படட்டும்.

மழைக்காலத்துல ஆறு பொங்கி வந்துச்சு. அவ அந்த மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து நிக்கா. மணல் மூட்டையை அவளே தோள்ல தூக்கி வெளக்கடியில அடுக்குதா. சும்மா சம்பளத்துக்கு வேலை பாக்குதவ அப்பிடிச் செய்வாளா? அதுக்கு மேல ஏதோ கெடைக்கப் போய்த்தான் செய்யுதா. இப்பவாவது ஒத்துக்கிடுதியளா?

அன்னைக்கு நனைஞ்சு நடுங்கிக்கிட்டு நின்னாளேன்னு பிலோமி வீட்டுக்குக் கூட்டியாந்துட்டா. சோறும் சாளைக் குழம்பும் போட்டா. வீட்டுல நாற்காலி இல்ல. அந்தப் பிள்ளை கட்டிலடியில கெடந்த ஐஸ் பொட்டியை இழுத்து, அது மேல உக்காந்துட்டா.  கண்ணு மேல உக்காந்துக்கிட்டே அவ கேக்கா, தாத்தா, அந்தக் கண்ணு எங்க போயிருக்கும்னு ஏதாவது தோணுதான்னு. ஒங்களுக்குத் தெரியாதா, அந்த மாதிரிக் கையால வெட்டுன கண்ணாடி இந்தக் கரையில வேற எங்கயும் இல்ல, அது ஒண்ணு இருந்தாப் போதும், இந்த லைட்டவுஸை எவனும் தொட முடியாம நான் செஞ்சுருவேன், இல்லன்னா இது வெறும் செங்கல் கூடு, நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னா. சொல்லுதப்ப அவ கண்ணு கலங்கிப் போச்சு. பிலோமி என்னையப் பாக்கா. நான் பிலோமியைப் பாக்கேன். அவ வாயைத் தொறக்கப் போனா, பாத்துக்கிடுங்க. நான் ஒரு மொறை மொறைச்சேன். அவ இன்னொரு கரண்டி குழம்பை ஊத்துனா.

எப்பிடி நூல் விட்டா பாத்தியளா! மணிக்கு வந்தவனும் ஆகா ஆகான்னுதான் சொன்னான். இவ கண்ணுல தண்ணி வைக்கா. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பறம் என்ன நடந்துச்சுன்னா, களவு போனது போக அங்க ஒண்ணுமே மிச்சமில்ல, அடியும் உறுதியில்லன்னு மேல இருக்கவங்க எழுதிட்டானுவ. இடிச்சுட்டுப் படகுத்துறை கட்டணும்னு அமலதாஸும் சங்கத்துல எழுதிக் குடுத்துட்டான். கண்ணு இருந்த வரைக்கும் இடிக்க விடக் கூடாதுன்னு சொன்னவன் அவன்தான். கண்ணே போனப்பறம் கூட்டைக் கட்டிக்கிட்டு என்ன செய்ய, வள்ளம் கட்ட எடமாவது ஆகட்டுங்கான். நேத்தே ஜேசிபி வந்துட்டுது. கோயில் பக்கத்துல நிக்கி. அதை ஓட்டுதவன் எங்க வெளக்கோட நெழல்லயே துண்டை விரிச்சுப் படுத்திருக்கான்.  அந்த வெளக்கு இல்லாத ஆத்துவாயை நான் எப்பிடித் தம்பி பாப்பேன்? ஒரு நாள் கூடப் பாக்க முடியாது. அதுக்கு முன்னால என் மூச்சு போயிரணும்.

நேத்து தமயந்தி பிலோமிக்குப் போன் போட்டிருக்கா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டவுன் ஆபீஸ்ல இருப்பேன், அதுக்குள்ள அந்தக் கண்ணு கெடைச்சா இடிக்கதை நிறுத்திருவேன், மத்தியானம் தாண்டிட்டா மிஷினு எறங்கிரும், அப்பறம் என் கையில ஒண்ணுமில்லன்னு சொன்னாளாம். ஏன் பிலோமிக்குப் போடணும்? எனக்குப் போட வேண்டியதுதான? காலையில நான் எந்திரிச்சுப் பாக்கேன், சாக்கு வாசல்ல இருக்கு. கண்ணை அவளே எடுத்துக் கட்டி வச்சிருக்கா. நீரு கொண்டு போறீரா, நான் கொண்டு போகட்டா, ரெண்டுல ஒண்ணு சொல்லும்னா. எங்கண்ணன் தலைகுனிஞ்சு நின்னது போதும், மாதா மேல சத்தியம் பண்ணதுக்கு நான் மாதாட்டயே மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்னா. இத்தன வருசத்துல அவ எங்கிட்ட அப்பிடிப் பேசுனதே இல்ல. அவ கொண்டு போனா யாரு கையில குடுப்பாளோ. அதான் நானே தூக்கிட்டு வந்துட்டேன்.

குடுக்கத்தான் போறேன். முடிவு பண்ணிட்டேன். அந்தப் பிள்ளை மேல சந்தேகம் எனக்குப் போகல. இருந்தாலும் அந்த மிஷினைப் பாத்தப்பறம் மனசு கேக்கல. குடுத்துட்டு, கையெழுத்து வாங்கிட்டு, அங்கனயே உக்காந்துக்கிடுவேன். கண்ணு எந்த அறைக்குப் போகுதோ அந்த அறை வாசல்ல உக்காந்துக்கிடுவேன்.

லாரி நகந்துட்டுது. வண்டியை எடுத்துட்டான். நல்ல வேளை.

தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டா? எனக்குப் பயமா இருக்கு. தனியா அந்த ஆபீசுக்குள்ள போறதுக்குப் பயமா இருக்கு. மணியைக் குடுத்தப்பவும் நான் தனியாத்தான் நின்னேன். ஒரு சாட்சி இருந்திருந்தா, ஒரே ஒரு ஆளு, ஆமா இன்னாசிதான் குடுத்தான், நான் பாத்தேன்னு சொல்ல இருந்திருந்தா, இவ்வளவும் நடந்திருக்காது. நான் இப்பிடி ஆகியிருக்க மாட்டேன். இந்தச் சாக்கு வேற ஒத்தையாளாத் தூக்க முடியாத கனம். ஏத்துததுக்கே கண்டக்டர் ஒரு கை பிடிச்சாரு. நீங்க எங்கூட டவுனு வரைக்கும் வாரியளா? உங்க மொகத்தைப் பாத்தா நல்ல மனுசன் மாதிரி இருக்கு. காதுகுத்துக்குச் சாயங்காலம் கூடத் திரும்பிரலாம்.

வாரியளா? நெசமாவா? மாதா உங்களை நல்லா வச்சிருப்பா தம்பி. எனக்கு இப்பதான் உசிரு வந்துச்சு.

பழையகாயல் வந்துட்டுது. கண்ணாடிக்காரன் எறங்குதான். எறங்கிட்டான். அங்க ஒரு பிள்ளை ஓடி வந்து கையைப் பிடிக்கி பாருங்க, பேரன் போல, தூக்கிக்கிட்டுப் போறான். அப்ப அவன் இல்ல. வீணா அவனைச் சந்தேகப்பட்டுட்டேன்.

வண்டி எடுத்துட்டான்.

அவன் இல்லன்னா, அப்ப யாரு?

இல்ல, சும்மா கேக்கேன். எவனாவது ஒருத்தனை அனுப்பத்தான செய்வாவ. இவ்வளவு பெரிய வெசயம், பின்னால ஆள் இல்லாமயா விடுவாவ? தம்பி, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கிடக் கூடாது. கொழுந்தியா வீட்டுக் காதுகுத்துன்னு சொன்னிய. பூவும் பழமும் மடியிலயே இருக்கு. அதை விட்டுட்டு, முன்னப்பின்ன தெரியாத ஒரு கெழவன் கூப்பிட்டதும் ஒடனே தலையாட்டிட்டிய. யோசிக்கக் கூட இல்ல. எங்கூடப் பொறந்த அண்ணனைக் கூப்பிட்டாக் கூட நாலு சாக்குச் சொல்லுவான். எவன் வருவான்? இந்தக் காலத்துல எவன் வருவான் தம்பி?

நான்தான் கூப்பிட்டேன். ஆமா, நான்தான் கூப்பிட்டேன். என்னையக் கூப்பிட வச்சது யாரு?

அதோட, இவ்வளவு தூரமும் நானேதான் பேசிக்கிட்டு வாரேன். நீங்க உம் கொட்டுனதோட சரி. எம்பேரை வாங்கிட்டிய, ஊரை வாங்கிட்டிய, பொண்டாட்டி பேரு, மச்சினன் பேரு, துவைக்கிற கல்லு வரைக்கும் வாங்கிட்டிய. உங்க பேரு என்ன? நீங்க சொல்லவே இல்லியே. தமயந்தி அனுப்புனாளா? அமலதாஸா? இல்ல, பிலோமியா? எந்த பஸ்சுல போறீருன்னு காலையில ரெண்டு தடவ கேட்டா. ரெண்டு தடவ! பொண்டாட்டி எதுக்கு ரெண்டு தடவ கேப்பா?

கண்டக்டர்! வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. இங்கனதான். ஸ்டாப் இல்லன்னா என்ன, உப்பளம்னா என்ன, எனக்கு எறங்கணும். அடுத்த பஸ்சு மத்தியானத்துக்கு மேலதான்னு எனக்கும் தெரியும். நிறுத்துங்க.

நீங்க எதுக்கு எந்திரிக்கிய? சாக்கைப் பிடிக்கவா? ஒத்தையாளாத் தூக்க முடியாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? நானா சொன்னேன்? சொல்லியிருந்தாலும் கையை எடுங்க தம்பி. கையை எடுங்கன்னு சொல்லுதேன்லா. இழுத்தாவது எறக்கிக்கிடுவேன். எம்பின்னால எறங்கக் கூடாது, உக்காருங்க. கண்டக்டர், விசிலடிங்க, வண்டி போகட்டும். நீங்க போய் அனுப்புனவங்ககிட்டச் சொல்லுங்க. இன்னாசி உசிரோட இருக்க வரைக்கும் அந்த வெளக்குல இருந்து ஒரு செங்கலைக் கூட எவனும் எடுக்க முடியாதுன்னு சொல்லுங்க.